பத்து நாள் பணமும் மாதக் கணக்கும்

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கோபாலபுரம். பழைய கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பு அது. வீட்டுப் பேச்சு தமிழ், அதுவும் கொங்கு வழக்கு. அரசு அலுவலகத் தாள் மலையாளம். தென்னையும் கறவை மாடும் கூலி வேலையுமாக வாழ்க்கை நடத்தும் இப்பகுதியின் வீடுகளில் பணத்தைப் பற்றிய தாள்களுக்குக் குறைவில்லை. பால் சொசைட்டியின் கணக்குப் புத்தகம், குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தின் சேமிப்புப் புத்தகம், வாரக் கடனின் தவணை அட்டை, நகை அடகு வைத்த ரசீது, கல்யாணத்தில் எழுதிய மொய் நோட்டு என்று ஒவ்வொன்றும் ஓர் எண்ணைச் சொல்லும். ஆனால் அந்த வீடு பொருளளவில் நலமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு இவற்றில் எந்தத் தாளும் விடை சொல்வதில்லை.

தனிமனித நிதி மேலாண்மை நூல்கள் அந்த விடையைச் சில அளவைகளில் தேடச் சொல்கின்றன. வருமானத்தில் எத்தனை விழுக்காடு மிஞ்சுகிறது என்பது சேமிப்பு விகிதம். வருமானத்தில் எத்தனை விழுக்காடு கடன் தவணைக்குப் போகிறது என்பது கடன்சுமை விகிதம். வருமானம் நின்றுபோனால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பது அவசர இருப்பு. மூன்று முதல் ஆறு மாதம் என்பது வழக்கமான அறிவுரை. சொத்திலிருந்து கடனைக் கழித்தால் நிகர மதிப்பு. இவை நல்ல அளவைகள். எனினும் இவற்றின் உள்ளே ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார்: மாதத்தின் கடைசி நாளில் ஒரே தொகையைப் பெறுபவர், அத்தொகையைத் தானே செலவழிப்பவர், தன் பெயரிலேயே சொத்தும் கடனும் வைத்திருப்பவர். அவரை எடுத்துவிட்டால் அளவைகள் ஆட்டம் காணத் தொடங்குகின்றன.

இது ஏழை நாடுகளுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்க மைய வங்கி 2013 முதல் ஆண்டுதோறும் குடிமக்களிடம் ஓர் எளிய கேள்வியைக் கேட்டு வருகிறது: எதிர்பாராமல் 400 டாலர் செலவு வந்தால் கையிலுள்ள பணத்திலோ அதற்கு நிகரானதிலோ முழுவதையும் கட்டிவிட முடியுமா? முடியும் என்றவர்கள் 2013இல் 50 விழுக்காடு, 2023இல் 63 விழுக்காடு. விகிதங்களைக் கேட்காமல், ஒரு குறிப்பிட்ட தொகை ஒரு குறிப்பிட்ட வேளையில் கிடைக்குமா என்று கேட்டதில்தான் அக்கேள்வியின் வலு இருக்கிறது.

கோபாலபுரத்துக்குத் திரும்பினால், எடுத்துக்காட்டாக ஒரு வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்திற்காக அமைத்தவை. கணக்கின் வடிவம் கறவை மாடு வைத்திருக்கும் எவருக்கும் பழகியதே. இரண்டு மாடுகள், ஒவ்வொன்றும் நாளுக்கு 8 லிட்டர், லிட்டருக்கு 45 ரூபாய். இரண்டும் கறக்கும்போது சொசைட்டியில் நாளுக்கு 720 ரூபாய் சேரும். தவிடு, பிண்ணாக்கு, கலப்புத் தீவனம், வைக்கோல் எல்லாம் சேர்த்து 420 ரூபாய் போய்விட்டால் மிச்சம் 300. மாதத்துக்கு 9,000. எட்டுப் பத்து நாள் கிடைக்கும் கூலி வேலையில் 6,000 வருகிறது. ஆக 15,000. ஒரு மாடு வற்றிவிட்டால் பால் பணம் 360 ஆகிறது. வற்றிய மாடும் தின்னத்தான் செய்யும் என்பதால் தீவனச் செலவு 320க்குக் கீழே இறங்குவதில்லை. மிச்சம் நாளுக்கு 40 ரூபாய், மாதத்துக்கு 1,200. கூலியோடு சேர்த்தால் 7,200. விற்ற பால் பாதியானது. கையில் நின்ற பால் பணமோ ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்த வீட்டுக்கு மாதம் 5,000 ரூபாய் கடன் தவணை இருக்கிறது. அதன் கடன்சுமை விகிதம் என்ன? தீவனச் செலவைக் கழிக்காமல், சொசைட்டிப் புத்தகத்தில் உள்ள 21,600 ரூபாயையும் கூலியையும் கூட்டி வருமானம் 27,600 என்று எழுதினால் விகிதம் 18 விழுக்காடு. செலவைக் கழித்து நல்ல மாதத்தைப் பார்த்தால் 33 விழுக்காடு. வற்றிய மாதத்தைப் பார்த்தால் 69 விழுக்காடு. ஒரே வீடு, ஒரே கடன், மூன்று எண்கள். மூன்றில் எதை எழுதுவது என்பதை வருமானத்தை எழுதுபவரே தீர்மானிக்கிறார்.

இது ஏட்டுச் சிக்கலாக நின்றுவிடவில்லை. 2022 மார்ச் 14 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட நுண்கடன் நெறிமுறை, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்குப் பிணையின்றித் தரப்படும் கடனை நுண்கடன் என வரையறுத்தது. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, குடும்ப மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது. இந்தியாவின் மிக எளிய வீடுகளின் மீது சட்டம் பொருத்திய நிதிநல அளவை இதுதான். வருமானத்தை ஓராண்டுக்குக் குறையாத காலத்தை நோக்கி மதிப்பிட வேண்டும் என்பதும் அதன் வழிகாட்டுதல். அது அறிவுடைய ஏற்பாடு என்பதை மறுக்க இயலாது. ஆயினும் மேற்சொன்ன வீட்டில் ஒவ்வொரு மாடும் ஆண்டில் இரண்டரை மாதம் வற்றுகிறது, இரண்டும் ஒரே வேளையில் வற்றுவதில்லை என்று கொண்டால், ஏழு மாதம் 15,000, ஐந்து மாதம் 7,200. ஆண்டு வருமானம் 1,41,000. மாதச் சராசரி 11,750. தவணை விகிதம் 43 விழுக்காடு. விதி நிறைவேறிவிட்டது, கடன் தரலாம். அந்த ஐந்து மாதங்களில் வீடு விதியை மீறிய நிலையில் வாழும் என்பது சராசரிக்குத் தெரியாது.

சராசரியோடு சண்டையிடுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று இரு மாநிலங்களுக்கிடையே கையெழுத்தானது. மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் புழைப் பாசனத்துக்கு ஆண்டொன்றுக்கு 7.25 டிஎம்சி நீர் கிடைக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. நீராண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். ஆண்டுத் தொகை எழுத்தில் உறுதியாக இருக்கிறது. ஆனால் வயலில் நிற்பவரின் கேள்வி, நாற்று நட்ட வாரத்தில் எவ்வளவு, கதிர் பிடிக்கும் வாரத்தில் எவ்வளவு என்பதே. தவறிய வாரத்தின் நீரை மழைக்காலத்தில் சேர்த்துக் கொடுத்தால் ஆண்டுக் கணக்கு நேராகிவிடும், பயிர் நேராகாது. வாரத் தவணை அட்டைக்கும் வற்றிய மாட்டுக்கும் இடையிலான உறவு இதைப் போன்றதே.

அப்படியானால் அந்த வீடு எந்த எண்ணைக் குறித்துவைக்க வேண்டும்? நியாயவிலைக் கடை அரிசியும் சொந்தப் பாலும் போக வீட்டுச் செலவு மாதம் 6,500 என்று கொண்டால், நல்ல மாதத்தில் 3,500 மிஞ்சும். வற்றிய மாதத்தில் 4,300 துண்டு விழும். ஏழு மாத மிச்சம் 24,500. ஐந்து மாதத் துண்டு 21,500. ஆண்டு முடிவில் 3,000 ரூபாய் மிச்சம், அதாவது சேமிப்பு விகிதம் ஏறத்தாழ 2 விழுக்காடு. மெலிந்த எண்தான், ஆனாலும் கூட்டல் குறியோடு நிற்கிறது. உண்மையான செய்தி 21,500 என்ற எண்ணில் இருக்கிறது. அத்தொகை முன்கூட்டியே ஒதுங்கியிருந்தால் வீடு கடனின்றித் தாண்டும். நல்ல மாதத்தின் மிச்சம் தீபாவளிக்கும் மொய்க்கும் மருந்துக்கும் போய்விட்டால், அதே 21,500 வெளியிலிருந்து வட்டியோடு வரும். ஆறு மாதச் செலவை வங்கியில் வைத்திருங்கள் என்ற அறிவுரை இவ்வீட்டுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. வற்றும் மாதங்களின் துண்டை மட்டும் கணக்கிட்டால் அது ஒரு நாள் சேமிப்பாகச் சுருங்கும். 210 நல்ல நாட்களில் நாளுக்கு 100 ரூபாய்க்குச் சற்று மேல். எளிதன்று, ஆனால் அளவு தெரிந்த சுமை.

மேலும், இந்தத் துண்டு எப்போது விழும் என்பதை முன்னறிய ஒரு தாள் இருக்கிறது. யாரும் அதை நிதி ஆவணமாகக் கருதுவதில்லை: மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதியைக் குறித்த சீட்டு. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்துவது முறை. ஆகவே ஊசி பிடித்தது உறுதியானால், அந்தத் தேதியிலிருந்து 220 நாளில் பால் பணம் சரியும் என்பது ஏழு மாதத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஊசி பிடிக்காமல் தள்ளித் தள்ளிப் போனால் வேறொரு முன்னறிவிப்பு கிடைக்கிறது: அடுத்த ஈற்று தாமதமாகும், பால் குறைந்துகொண்டே போகும் நாட்கள் நீளும். எந்தக் கடன் மதிப்பெண்ணும் இவ்வளவு தெளிவாக வருங்காலத்தைச் சொல்வதில்லை. மாதச் சம்பளக்காரரின் பணிநீக்கத்துக்குக்கூட இத்தகைய முன்னறிவிப்பு வாய்ப்பதில்லை.

வருமானத்தின் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும் முயற்சி ஆய்வுலகில் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. டேரில் காலின்ஸ், ஜொனாதன் மோர்டுக், ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டு, ஒர்லாண்டா ருத்வென் ஆகிய நால்வரும் 2009இல் வெளியிட்ட ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ என்னும் நூல், வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கு மேற்பட்ட குடும்பங்களின் நிதி நாட்குறிப்புகளைக் கொண்டு எழுதப்பட்டது. ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குச் சென்று, வந்த பணத்தையும் போன பணத்தையும் கேட்டு எழுதினார்கள். நான்கு வகைக்குக் குறைவான நிதி வழிகளைப் பயன்படுத்திய குடும்பம் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆண்டு முடிவில் கையில் நிற்கும் தொகை சிறிது. ஆண்டு முழுதும் கை வழியாகப் பாய்ந்த தொகை அதைப்போலப் பல மடங்கு. ஆண்டுக்கு ஒரு நாளில் எடுக்கும் கணக்கெடுப்பு இந்தப் பாய்ச்சலைக் காண இயலாது. எளிய குடும்பங்களுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்ற எண்ணத்தை இந்நூல் அளவுக்குக் குலைத்த வேறொன்றைச் சொல்வது கடினம்.

ஆய்வு மாணவர்களுக்கும் இது அயலார் கதை அன்று. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் தகுதித் தேர்வு வழி வராத முனைவர் பட்ட மாணவருக்கு 8,000. இரண்டும் மாதத் தொகை என்றே எழுதப்படுகின்றன, ஆனால் பல நேரங்களில் சில மாதங்களுக்குச் சேர்ந்து வருகின்றன. இடைப்பட்ட மாதங்களில் விடுதி உணவகப் பாக்கியும் நண்பரின் கைமாற்றும் அந்தச் சராசரியைத் தாங்குகின்றன. கடைசித் தொகை வந்து எத்தனை நாள் ஆயிற்று, அதற்குள் கைமாற்று எவ்வளவு ஏறிற்று என்னும் இரண்டு எண்கள், மாத வருமானம் எவ்வளவு என்ற கேள்வியைவிட ஓர் ஆய்வு மாணவரின் நிலையை நேர்மையாகச் சொல்லும்.

துண்டு விழும் மாதத்தை நிரப்ப வருபவர் யார் என்பது அடுத்தது. தண்டல் என்று தமிழில் பழகிய கடன் ஒன்றின் கணக்கு இப்படி: 10,000 ரூபாய்க் கடன் என்று பேர், கையில் தருவது 9,000, நாளுக்கு 100 வீதம் 100 நாளில் கட்டி முடிக்க வேண்டும். பத்துக்கு ஒன்று பிடித்தார்கள் என்று வாங்கியவர் நினைப்பார். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கையில் நின்ற பணம் சராசரியாகப் பாதி அளவுதான். காலமோ நூறு நாள்தான். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வட்டி விகிதத்தை ஆண்டுக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கம் ஒன்றே வீட்டு நிதிக் கணக்கில் மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

கேரளத்தில் இத்தகைய கடன்காரருக்கு ‘பிளேடு’ என்று பெயர். திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பம் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து 2014 மே மாதம் அம்மாநிலக் காவல்துறை ‘ஆப்பரேஷன் குபேரா’ என்ற பெயரில் கந்துவட்டிக்காரர்கள் மீது நடவடிக்கை தொடங்கியது. சட்டம் முன்பே இருந்தது: தமிழ்நாட்டில் 2003இலும் கேரளத்தில் 2012இலும் கொடுவட்டித் தடைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சோதனையைவிட மாற்று வழிதான் நீண்டநாள் பயன் தரும் என்பதற்குப் பாலக்காடு மாவட்டமே எடுத்துக்காட்டு. 2018 ஜூனில் மண்ணார்க்காட்டில் தொடங்கிய ‘முற்றத்தெ முல்ல’ திட்டத்தில், தொடக்கக் கூட்டுறவு வங்கி குடும்பஸ்ரீ அலகு வழியாக வீட்டு வாசலிலேயே சிறுகடன் தந்து வாரந்தோறும் வசூலித்தது. ஆண்டு வட்டி 12 விழுக்காடு. பிளேடுகாரரிடமிருந்து வாசலுக்கு வரும் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, வட்டியை மட்டும் அவரிடம் விட்டுவிட்டது இத்திட்டத்தின் நுட்பம்.

கடனின் பருமனை மட்டும் கொண்டு நலத்தை அளப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு எல்லைக்கோடே சான்று. 2019ஆம் ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வின் 77ஆவது சுற்றில், வேளாண் குடும்பமொன்றின் சராசரிக் கடன் கேரளத்தில் 2,42,482 ரூபாய். தமிழ்நாட்டில் 1,06,553 ரூபாய். நாட்டுச் சராசரி 74,121. இதனால் கேரளத்து உழவர் தமிழ்நாட்டு உழவரைவிட இரண்டு மடங்கு நலிந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வங்கி அருகிலிருக்கும் இடத்தில், ஈடு வைக்கச் சொத்து இருக்கும் இடத்தில் கடன் பெருகும். கடன் பெறவே வழியில்லாத வீட்டின் கடன் சுழி. அதன் நலமும் ஏறத்தாழ அதுவே.

ஈடு என்றதும் தங்கம் வருகிறது. தருண் ராமதுரை தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 2017இல் தந்த அறிக்கைப்படி, இந்தியக் குடும்பச் சொத்தில் 77 விழுக்காடு நிலமும் வீடும், 11 விழுக்காடு தங்கம், 7 விழுக்காடு நீடித்த பொருள்கள். வங்கி இருப்பு, பங்கு, காப்பீடு போன்ற நிதிச் சொத்துகள் வெறும் 5 விழுக்காடு. எளிய வீட்டின் அவசர இருப்பு, ஆகவே, கழுத்திலும் காதிலும் கிடக்கிறது. ஆறு பவுன் நகை உள்ள வீட்டில் எத்தனை பவுன் வீட்டில் இருக்கிறது, எத்தனை பவுன் அடகுக் கடையில் இருக்கிறது என்பதை மாதாமாதம் எழுதி வந்தால் அதைவிடக் கூர்மையான அளவை வேறில்லை. விலை ஏறும் காலத்தில் ரூபாயில் எழுதினால் கணக்கு மயக்கிவிடும். அதே நகையைக் கூடுதல் தொகைக்கு மறு அடகு வைத்து, பழைய வட்டியைக் கட்டி, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியும். நிகர மதிப்பு உயர்ந்ததாகத் தாள் சொல்லும். நகை வீடு திரும்பும் நாள் மட்டும் தள்ளிப்போயிருக்கும். பவுனில் எழுதினால் இந்த மயக்கம் நேராது.

இன்னும் ஒரு கேள்வியை வீட்டின் மொத்தக் கணக்கு மறைத்துவிடுகிறது: எது யார் பெயரில்? நுண்கடன் பெரும்பாலும் பெண்கள் பெயரில், குழுவாகத் தரப்படுகிறது. நிலமும் வீடும் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கின்றன. ஆகவே குடும்பத்தின் நிகர மதிப்பு கூட்டல் குறியோடு நிற்கும்போதே, நோட்டு எழுதி, தவணை கட்டி, குழுக் கூட்டத்தில் பதில் சொல்லும் பெண்ணின் தனி நிகர மதிப்பு கழித்தல் குறியில் இருக்கக்கூடும். அவருடைய ஒரே சொத்து நகை. அதுவும் அடகில் இருந்தால் கணக்கு முடிந்தது. குடும்பம் என்ற ஒற்றை அலகில் ஐம்பது விழுக்காடு அளந்த நெறிமுறை இதைப் பார்ப்பதற்கென்று அமைந்ததன்று. வீட்டு நோட்டில் இரண்டு பத்திகள் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடம் பல வீடுகளில் அமைவதில்லை.

கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2017 முதல் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை தன் முழு அறிக்கையை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். தன் பெயரில் யார் யார் என்னென்ன கடன் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவேனும் அதைப் பெறுவது நல்லது. குழுக் கடனில் இது இரட்டிப்பு முக்கியம். தண்டலும் கைமாற்றும் மொய்யும் அதில் இரா. அறிக்கை கையில் வந்ததும் சொசைட்டிப் புத்தகத்தையும் அடகு ரசீதையும் சினை ஊசிச் சீட்டையும் அதனோடு சேர்த்து வைத்து, ஒரு பக்கத்தில் அடுத்த பன்னிரண்டு மாதங்களின் பெயரை எழுதி, மாடு வற்றும் மாதங்களுக்கு நேரே தவணைத் தொகையையும் எழுதிப் பார்க்கலாம். தவணை மிகுந்தும் பால் குறைந்தும் நிற்கும் மாதம் எது என்று தெரிந்த பிறகு, அடுத்த குழுக் கடனை வாங்குவதா என்ற பேச்சை அந்த மாதத்தின் பெயரைச் சொல்லியே தொடங்க முடியும்.